பொரித்த கோழிக்குத் துணை: கொரிய முள்ளங்கி ஊறல் (சிக்கின்-மு) செய்வது எப்படி

கொரியாவில் பொரித்த கோழி வாங்கினால், கூடவே மேலே மெல்லிய படலம் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று வரும். உள்ளே தெளிந்த நீரில் வெள்ளை வெளேரென்று சதுரம் சதுரமாக முள்ளங்கி. படலத்தின் மூலையைக் கொஞ்சம் கிழித்து நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மீதியை அப்படியே மேசையில் வைப்பார்கள். இதுதான் சிக்கின்-மு. கோழி இரண்டு கடி, முள்ளங்கி ஒரு துண்டு என்று மாறி மாறிச் சாப்பிடுவார்கள். இது இல்லாமல் கோழி வந்தால் கடைக்கு போன் செய்து கேட்பவர்கள் உண்டு.

1977-ல் சியோலின் ஷின்சேகே பல்பொருள் அங்காடியில் லிம்ஸ் சிக்கன் என்ற பொரித்த கோழிக்கடை திறந்தது. 1984-ல் அதே நகரின் ஜோங்னோ பகுதியில் கே.எஃப்.சி. வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் எண்ணெயில் பொரித்த கோழி கொரியர்களின் அன்றாடத் தீனியானது. கார-இனிப்புச் சாறு பூசிய யாங்யோம் சிக்கனையும் இந்த முள்ளங்கியையும் கோழிக்கடைக்குக் கொண்டுவந்தவராக, தேகு நகரில் மெக்சிகன் சிக்கன் நிறுவனத்தைத் தொடங்கிய யுன் ஜாங்-கியே பெயரைத்தான் கொரியாவில் சொல்கிறார்கள்.

செய்முறைக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊறுகாய் தொட்டுக்கொள்வது. இது அள்ளித் தின்பது. ஒருவரே ஒரு வேளையில் ஒரு கிண்ணம் காலி செய்துவிடுவார். அதனால் உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் மிதமாக இருக்க வேண்டும். ஊறி முடிந்தபின் துண்டுக்குள் புளிப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, உப்பு ஒன்றேகால் சதவீதம் அளவில், சர்க்கரை பன்னிரண்டு சதவீதம் அளவில் இருந்தால் சுவை சரியாக அமையும். புளிப்பு கூடினால் நாலு துண்டுக்கு மேல் இறங்காது. குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டாது. கீழே உள்ள எல்லா அளவுகளும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

முள்ளங்கியைத் தேர்ந்தெடுப்பது

கொரிய முள்ளங்கி குட்டையாக, தடியாக இருக்கும். மேல் பாதி பச்சை, கீழ் பாதி வெள்ளை. சதை இறுகியது, நீர் குறைவு. பச்சைப் பகுதி இனிக்கும். வால் பக்கம் போகப் போகக் காரம் ஏறும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் விளைந்ததுதான் நல்ல முள்ளங்கி. கோடையில் வருவது காரமாகவும் நீர்த்தும் இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் கொரிய வீடுகளிலேயே சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள்.

நம் சந்தையில் கிடைக்கும் நீள வெள்ளை முள்ளங்கியில் தாராளமாகச் செய்யலாம், பொறுக்கி எடுத்தால். 5 செ.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும். ஒல்லியானதில் தோல் சீவியபின் சதுரமாக வெட்ட ஒன்றும் மிஞ்சாது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறி கனக்க வேண்டும். வெயிலில் முற்றிய முள்ளங்கிக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும் பழக்கம் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. தழையோடு இருந்தால் ஒரு இலைத்தண்டை அடியில் ஒடித்துப் பாருங்கள். தண்டின் நடுவே பொள்ளலாகவோ வெள்ளைப் பஞ்சாகவோ இருந்தால் கிழங்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பஞ்சு போன முள்ளங்கியை எந்த வினிகரும் காப்பாற்றாது. சாம்பாருக்குக்கூட அது சுமார்தான்.

தேவையானவை (2 லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்றுக்கு)

- தோல் சீவிய முள்ளங்கி – 1 கிலோ
- தண்ணீர் – 400 மி.லி.
- வெள்ளை வினிகர், 6 முதல் 7 சதவீதப் புளிப்பு – 200 மி.லி.
- வெள்ளைச் சர்க்கரை – 200 கிராம்
- கல்லுப்பு – 20 கிராம்

இணையத்தில் உள்ள கொரியச் செய்முறைகளைப் பார்த்து நம் ஊரில் செய்பவர்கள் சறுக்கும் இடம் வினிகர். கொரியக் கடை வினிகரின் புளிப்பு 6 முதல் 7 சதவீதம். இந்தியாவில் கிடைக்கும் செயற்கை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம். அதே 200 மி.லி. ஊற்றினால் புளிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். முள்ளங்கி சர்க்கரைத் தண்ணீரில் ஊறியது போலிருக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும். பாட்டிலின் பின்பக்கத்தில் சதவீதம் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து இப்படி மாற்றுங்கள்:

- 4 சதவீதம் என்றால் வினிகர் 325 மி.லி., தண்ணீர் 275 மி.லி.
- 5 சதவீதம் என்றால் வினிகர் 260 மி.லி., தண்ணீர் 340 மி.லி.
- கொரியக் கடைகளில் கிடைக்கும் இரட்டைச் செறிவு வினிகர், அதாவது 13 சதவீதம் என்றால் வினிகர் 100 மி.லி., தண்ணீர் 500 மி.லி.

எல்லாவற்றிலும் மொத்தம் 600 மி.லி.தான். தொழிற்சாலைகளில் அடர் அசெட்டிக் அமிலத்தை நீர்த்துப் பயன்படுத்துவார்கள்; அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நீர்க்காத துளி தோலைப் பொசுக்கும்.

ஆப்பிள் சைடர் வினிகரும் சுவையில் நன்றாகவே இருக்கும், ஆனால் நிறம் மங்கும். நாட்டுச்சர்க்கரை வேண்டாம், அதே காரணம்தான். பொடியுப்பிலும் செய்யலாம். அதில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளால் நீர் லேசாகக் கலங்கும், அவ்வளவே. உப்பைக் கரண்டியால் அளக்காமல் எடை போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி பொடியுப்பும் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பும் ஒரே எடை இல்லை.

செய்முறை

முதலில் ஊறல் நீர். தண்ணீர், சர்க்கரை, உப்பு மூன்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாக்குங்கள். கொதிக்கத் தொடங்கி, சர்க்கரை முழுதும் கரைந்ததும் அடுப்பை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகுதான் வினிகர். கொதிக்கும்போதே ஊற்றினால் அடுப்படி முழுக்க நெடி ஏறும், புளிப்பிலும் கொஞ்சம் ஆவியோடு போய்விடும். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் இந்த வேலைக்கு ஆகாது.

நீர் ஆறும் நேரத்தில் முள்ளங்கியை வெட்டிவிடலாம். தோலை மெலிதாகச் சீவாமல் கொஞ்சம் ஆழமாகவே சீவுங்கள். முள்ளங்கியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தோலுக்கு உள்ளே ஒரு வளையம் தெரியும். அந்த இடைப்பட்ட அடுக்கில்தான் நாரும் காரமும் அதிகம். வாலில் கடைசி மூன்று விரற்கடையைக் குழம்புக்கு ஒதுக்குங்கள். மீதியை ஒன்றரை செ.மீ. பருமனுள்ள வில்லைகளாக வெட்டி, வில்லையை அடுக்கி, நீளவாக்கில் குச்சிகளாக்கி, பிறகு சதுரங்களாக வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. சின்னதும் பெரிதும் கலந்தால் சின்னது ஊறிச் சுருங்கும்போது பெரியதன் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஒரு செ.மீ. சதுரம் இரவுக்குள் தயாராகிவிடும், ஆனால் ஒரு வாரத்தில் துவளும். இரண்டு செ.மீ. என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

கொரிய முள்ளங்கி கிடைத்தால் துண்டுகளை நேரே ஜாடியில் போடலாம். நம் முள்ளங்கிக்கு இடையில் ஒரு வேலை இருக்கிறது: 1 கிலோ துண்டுகளில் 10 கிராம் உப்பைத் தூவிக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் நீர் தேங்கும். அந்த நீரோடு காரமும் கசப்பும் ஓரளவு இறங்கிவிடும். அதைக் கொட்டிவிட்டு, துண்டுகளை அலசாமல் வடிதட்டில் ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். இப்படிச் செய்தால் ஊறல் நீரில் உப்பு 20 கிராமுக்குப் பதில் 10 கிராம் போதும்.

ஜாடியையும் மூடியையும் வெந்நீரில் கழுவி, ஈரம் சுத்தமாகக் காயவிட்டுத் துண்டுகளை நிரப்புங்கள். மேலே ஆறிய ஊறல் நீரை ஊற்றுங்கள். முதலில் கழுத்துவரை வராதது போலத் தோன்றும். பயந்து தண்ணீர் சேர்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் முள்ளங்கி தன் நீரை விட்டு மட்டம் ஏறும். மிதக்கும் துண்டுகள் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அமுக்குங்கள். மூடி தகர மூடியாக இருந்தால் வினிகர் ஆவியில் துருவேறும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மூடி நல்லது.

நம் வெயிலுக்கு வெளியே மூன்று மணி நேரம் வைத்தால் போதும், பிறகு ஃப்ரிட்ஜ். அடுத்த நாள் சாப்பிடலாம். ஆனால் சுவை கூடிவருவது இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான். ஊறியதா என்று பார்க்க ஒரு துண்டை நடுவே வெட்டுங்கள். பச்சை முள்ளங்கியின் வெட்டுமுகம் பால் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். ஊறியது விளிம்பிலிருந்து கண்ணாடி போலத் தெளிந்துகொண்டே வரும். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்துவிட்டால் தயார்.

ஏன் சூடாக ஊற்றக்கூடாது?

கொதிக்கும் நீரை ஊற்றும் செய்முறைகளும் உண்டு. சீக்கிரம் ஊறும், சில நாள் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் கோழிக்கு வைக்கும் முள்ளங்கிக்கு ஆறிய நீரையே பரிந்துரைக்கிறோம். சூடு பட்டதும் முள்ளங்கிக்கு வெந்த வாடை வந்துவிடுகிறது. பச்சை முள்ளங்கியின் அந்த மெல்லிய காரம்தான் பொரித்த தோலுக்கு எதிரே நிற்க வேண்டியது, அது அடங்கிப்போகிறது. வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும் கதை வேறு. அதைக் கீழே பார்ப்போம்.

செய்முறைகளில் அடிக்கடி வரும் இன்னொன்று, எலுமிச்சை வாசனையுள்ள நிறமற்ற சோடா. கொரியாவில் அதைச் சைடர் என்பார்கள். காற்றுக்குமிழ் ஊறலில் நிற்பதில்லை; சேர்வது இனிப்பும் சிட்ரிக் புளிப்பும் வாசனையும்தான். விருப்பமென்றால் தண்ணீரில் 200 மி.லி.க்குப் பதில் சோடாவை, வினிகரோடு சேர்த்துக் கடைசியில் ஊற்றி, சர்க்கரையில் 20 கிராம் குறையுங்கள். கடை முள்ளங்கியில் அந்த வழவழப்பில்லாத, தண்ணீர் போன்ற இனிப்பு வருவதற்குக் காரணம் வேறு: அங்கே சாக்கரின் போன்ற இனிப்பூட்டிகள் சேர்க்கிறார்கள். வீட்டில் அது தேவையில்லை.

எந்தக் கோழிக்கு எந்த முள்ளங்கி என்பதையும் யோசிக்க வேண்டும். மேலே சொன்ன அளவு, சாறு பூசாமல் வெறுமனே பொரித்த கோழிக்கு. யாங்யோம் சிக்கனில் ஏற்கெனவே சர்க்கரைப்பாகும் கொச்சுஜாங் மிளகாய் விழுதும் இருக்கின்றன. அதற்குச் சர்க்கரையை 150 கிராமாகக் குறையுங்கள். சோயா-பூண்டுச் சாறு பூசிய கோழிக்கு உப்பைக் குறைத்தால் நல்லது, 15 கிராம் போதும்.

இளஞ்சிவப்பு நிறம் வேண்டுமென்றால் விரல் நீளப் பீட்ரூட் துண்டு ஒன்று போதும். மறுநாள் எடுத்துவிடுங்கள், இல்லையேல் மண்வாசனை ஏறும். எலுமிச்சை வில்லை போட்டாலும் ஒரு நாளைக்கு மேல் விடாதீர்கள், தோலுக்குள் இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும். வெள்ளரி சேர்ப்பவர்கள் விதையை வழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முந்தைய நாள் மட்டும் சேருங்கள்.

சரியாக வராதபோது

*திறந்ததும் நாற்றம்.* புதிதாகச் செய்தவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். முள்ளங்கியை வெட்டும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்கள் மூடிய ஜாடிக்குள் சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்து பத்து நிமிடம் விட்டால் அடங்கும். கெட்டுப்போனதன் வாடை வேறு: புளித்த மாவு வாடையோ, அழுகல் வாடையோ வரும், அது காற்றாட விட்டாலும் போகாது.

*மஞ்சளாகிறது.* காரம் தரும் அதே கந்தகச் சேர்மம் நாளாக ஆக மஞ்சள் நிறமாக மாறுகிறது. சுவையும் வாசனையும் சரியாக இருந்தால் பயமில்லை.

*நொறுநொறுப்பு இல்லை.* முள்ளங்கி முற்றியது, அல்லது பலநாள் வெளியே இருந்திருக்கிறது. இதைத் திருப்ப வழியில்லை.

*துண்டுகள் சுருங்கி ரப்பர் போல இழுக்கின்றன.* சர்க்கரை மிகுதி. அடர்ந்த பாகு முள்ளங்கியின் நீரை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. 1 கிலோவுக்கு 250 கிராமைத் தாண்டாதீர்கள்.

*நீர் கலங்கி, மேலே வெள்ளைப் படலம்.* வினிகர் குறைவு அல்லது ஈரக் கரண்டி. படலம் வந்தாலோ நீர் கொழகொழவென்று நூல் விட்டாலோ முழுதும் கொட்டிவிடுங்கள்; படலத்தை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். இவ்வளவு குறைந்த உப்பும் புளிப்பும் உள்ள பண்டம் நம் எண்ணெய் ஊறுகாய் போலத் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கடை டப்பா மாதக்கணக்கில் நிற்பது ஆலையில் சூடுகாட்டி முத்திரையிடுவதால்தான்.

வடித்த ஊறல் நீரை மறுபடி முள்ளங்கிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் புளிப்பு ஏறத்தாழப் பாதியாகியிருக்கும். குளிர்ந்த நூடுல்ஸ், சாலட் போன்றவற்றுக்கு அது நல்ல சாறு.

ஜொன், ட்விகிம் வகைகளுக்கு: சோயா வெங்காயம்

கோழிக்கு முள்ளங்கி என்றால், பச்சை வெங்காயத்தாள் அடை, கீமா அடை போன்ற ஜொன் வகைகளுக்கு வெங்காய ஜாங்-ஆஜ்ஜி, அதாவது சோயா சாஸில் ஊறிய வெங்காயம். வெங்காயம் தொட்டுக் கடிக்க, அதன் நீர் அடையை முக்க. ஒரு கிண்ணத்தில் இரண்டு வேலை முடிகிறது. மாவில் முக்கிப் பொரிக்கும் காய்கறி, இறால் ட்விகிமுக்கும் இதுவே வரும்.

வெங்காயம் 700 கிராம், முள்ளங்கி 200 கிராம், பச்சை மிளகாய் ஆறு. வெங்காயத்தை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி இதழ்களைப் பிரித்துவிடுங்கள். மிளகாயை முழுதாகப் போடுவதென்றால் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் சாறு உள்ளே இறங்க நாளாகும். கடிக்கும்போது முகத்தில் பீய்ச்சியும் அடிக்கும்.

சோயா சாஸ் 200 மி.லி., தண்ணீர் 200 மி.லி., சர்க்கரை 150 கிராம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அணைத்ததும் 6-7 சதவீத வினிகர் 200 மி.லி. ஊற்றி, அந்தச் சூட்டோடேயே காயின் மேல் ஊற்றுங்கள். 4 சதவீத வினிகர் என்றால் வினிகர் 325, தண்ணீர் 75. இங்கே சூடு உதவுகிறது: காயின் மேல் பட்டு 60 டிகிரி வாக்கில் இறங்கும்போது, வெங்காயத்தில் உள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினை மாற்றுகிறது, அது கால்சியத்தோடு பிணைந்து திசுவை இறுக்குகிறது. பச்சை வெங்காயத்தின் எரிவும் அடங்குகிறது. சூடு தாங்கும் கண்ணாடி ஜாடியாக இருக்கட்டும், ஊற்றும்முன் வெந்நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். வெள்ளரிக்கும் இதே முறைதான்.

சோயா சாஸில் கவனம் வேண்டும். ஃப்ரைடு ரைஸுக்கு ஊற்றும் கெட்டியான, கறுத்த, கேரமல் சேர்த்த சாஸில் செய்தால் வெங்காயம் கறுத்து, வாயில் ஒட்டும். கொரிய ஜின்-கஞ்சாங், அல்லது இயற்கையாக நொதித்த ஜப்பானிய வகை சோயா சாஸ் பொருத்தமானது.

மறுநாள் சாப்பிடலாம். ஒரு மாதம் வைக்க வேண்டுமானால் மூன்றாம் நாள் நீரை மட்டும் வடித்து ஒரு கொதி விட்டு, இந்த முறை முழுதும் ஆறவைத்து ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டுப் பல் சேர்த்திருந்தால் அது நீலப்பச்சையாக மாறக்கூடும். பூண்டின் கந்தகச் சேர்மம் அமிலத்தில் செய்யும் வேலை, தாராளமாகச் சாப்பிடலாம்.

மஞ்சள் முள்ளங்கி

கொரியச் சீனக் கடைகளில் இனிப்புப் புளிப்புச் சாறோடு வரும் தாங்சுயுக் பன்றி வறுவலுக்கும், தெருவோர ட்விகிமுக்கும் தன்முஜி என்ற மஞ்சள் முள்ளங்கி வரும். தகுவான் என்ற ஜப்பானிய முள்ளங்கி ஊறலிலிருந்து, ஜப்பான் கொரியாவை ஆண்ட காலனிக் காலத்தில் வந்த வகை இது. சீனக் கடைகளில் பச்சை வெங்காயமும் கறுப்பு சுன்ஜாங் விழுதும் பக்கத்தில் இருக்கும்; சாப்பிடுபவர்கள் தன்முஜி மேல் வினிகரைத் தெளித்துக்கொள்வார்கள்.

வீட்டில் செய்ய, முன்சொன்ன ஊறல் நீரில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியில் வடிகட்டி, 3 மி.மீ. அரைவட்ட வில்லைகள் மேல் ஊற்றினால் அரை நாளில் தயார். கொரியாவில் பாரம்பரியமாக நிறம் தருவது கார்டீனியா காய். மஞ்சள் கூடினால் மருந்து வாடை வந்துவிடும், ஆகவே கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம்.

பரிமாறும்போது

எண்ணெய்ச் சட்டியிலிருந்து கோழி இறங்கிய பிறகுதான் முள்ளங்கியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். வடிதட்டில் நன்றாக வடியவிட்டு, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரே தட்டில் கோழிக்குப் பக்கத்தில் வைத்தால் சொட்டும் நீர் இரண்டே நிமிடத்தில் மொறுமொறுப்பான தோலைச் சொதசொதப்பாக்கிவிடும். நான்கு பேருக்கு ஒரு முழுக் கோழி என்றால் வடித்த முள்ளங்கி 400 கிராமாவது வேண்டும். சாறு பூசிய கோழியென்றால் இன்னும் 100 கிராம் கூடவே எடுத்து வையுங்கள்.